மூளைக்குள் ஒரு நீலி – 11: முதுகுக்குப் பின்னால் யார்?

போன வாரம் மூளையின் டெம்போரல் மடலில் நின்றோம்: வலிப்புக்குச் சில விநாடி முன்பு காரணமே இல்லாமல் எழும் பயம், ‘இது ஏற்கெனவே நடந்ததாச்சே’ என்கிற உணர்வு. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம், யட்சி வந்தால் மணக்கும் என்கிற பாலைப்பூ வாசனை என்று சொல்லியிருந்தேன். அதற்குள் வேறொன்று மாட்டிக்கொண்டது.

2006-ல் ‘நேச்சர்’ இதழில் ஷாஹர் ஆர்ஸி, ஓலாஃப் பிளாங்கே குழு வெளியிட்ட ஆய்வு அது. 22 வயதுப் பெண். வலிப்புக்கு அறுவை செய்யுமுன் மூளையில் எந்த இடம் எதற்கு என்று சோதிக்கிறார்கள். இடக்காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக, டெம்போரல் மடலும் பெரைட்டல் மடலும் கூடும் இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்ததும், பின்னால் யாரோ இருப்பதாகச் சொன்னார். அவர் படுத்தால் அந்த ஆளும் படுக்கிறான். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவனும் உட்கார்ந்து இவரையே கட்டிப்பிடிக்கிறான், அருவருப்பாக இருந்ததாம். படிக்கச் சொல்லி ஓர் அட்டையைக் கொடுத்தால், அதைப் பிடுங்கப் பார்க்கிறான்!

வழிப்போக்கரை மறிக்கும் யட்சியான பஞ்சவன்காட்டு நீலிகூடச் சுண்ணாம்பைக் கேட்டுத்தான் வாங்குவாள்.

கை கால் எங்கே இருக்கிறது, உடம்பு எப்படிச் சாய்ந்திருக்கிறது, கண் என்ன பார்க்கிறது என்பதையெல்லாம் சேர்த்து ‘இது நான்’ என்று கணக்கு முடிப்பது மின்சாரம் கொடுத்த அந்த இடம்தான். கணக்கு பிசகினால் நம் உடம்பே இன்னொரு ஆளாகப் பதிவாகிறது. தான் செய்வதையே அவனும் செய்கிறான் என்பதை அந்தப் பெண் கவனித்தார். ஆனாலும் அது தானே என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை. எனக்கு அங்கேதான் புல்லரித்தது.

மின்சாரமே வேண்டாம், களைப்பும் குளிரும் போதும். 1916-ல் தெற்கு ஜார்ஜியாத் தீவின் பனிமலைகளை இரு தோழர்களோடு கடந்த துருவப் பயணி ஷேக்கில்டன், தாங்கள் மூவரல்ல, நால்வர் என்று தோன்றியதாக எழுதினார்.

திருவனந்தபுரத்துக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் வலிப்பு என்றால் முதலில் கையில் இரும்புச் சாவி, பிறகு மந்திரித்த கயிறு, கடைசியில் திருவனந்தபுரத்தின் ‘ஸ்ரீசித்ரா’ மருத்துவமனை. அங்கே 1995-ல் டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் வலிப்பு அறுவை தொடங்கியது, 1998-ல் ஆர். மாதவன் நாயர் வலிப்பு மையம் வந்தது. அறுவைக்கு முன் தலை முழுக்க ஒயர்களை ஒட்டி, மருந்தைக் குறைத்து, கேமரா முன்னால் படுக்கவைத்து வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். மந்திரவாதி விரட்டப் பார்ப்பதை இவர்கள் வரவழைக்கிறார்கள். ‘யாரோ நிற்கிறார்கள்’ என்று நோயாளி சொல்லும் அதே கணத்தில் எந்த ஒயரில் அலை துள்ளுகிறது என்பதுதான் தேடல். எல்லா நோயாளிக்கும் ஆள் வருவதில்லை. பலருக்கு வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும், அவ்வளவுதான்.

பாலைப்பூ அடுத்த வாரம். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது: யட்சி வந்தால் மணக்க வேண்டும். வலிப்புக்காரர்களுக்கு வரும் வாசனையோ பெரும்பாலும் ரப்பர் கருகும் நாற்றம்.