ஆவியின் பிடியில்

ஆவி என்னும் சொல் தமிழில் உயிரையும் குறிக்கும், மூச்சையும் குறிக்கும், கொதிக்கும் நீரினின்று எழுவதையும் குறிக்கும். இம்மூன்றும் ஒருங்கே வந்து சந்திக்கும் கருவியொன்றை நம் காலம் கண்டுவிட்டது. 2003 இல் சீன நாட்டு மருந்தாளர் ஹொன் லிக் ஆக்கிய மின்சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. நிக்கொற்றின் கலந்த நீர்மம் சூடேறி ஆவியாகி மூச்சோடு உள்ளே செல்கிறது. புகையிலை என்ற காரணப்பெயரிலே புகையும் போயிற்று, இலையும் போயிற்று. எஞ்சிநிற்பது நஞ்சு ஒன்றே.

இப்பழக்கத்திற் சிக்கிய மாணவனைப் பற்றிப் பேச்செழுந்தால், "மனத்திட்பம் இல்லாதவன்" என்று ஒரே தொடரில் தீர்ப்பளிக்கும் ஆசிரியர் பலரை நான் அறிவேன். அவர்கள் ஆய்வுகூடத்து எலியின் கதையைச் சற்றுக் கேட்டல் வேண்டும். எலிக்குத் தீய நண்பர் இல்லை. திரைப்பட நாயகனைப் போல நடிக்கும் ஆசையும் இல்லை.

1992 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் டேவிட் மாலினும் அவர் குழுவினரும் எலிகளின் தோலின்கீழ்ச் சிறு பொறியொன்றைப் பொருத்தி, ஏழு நாள் இடையறாது நிக்கொற்றினைச் செலுத்தினர், பின்னர் நிறுத்தினர். எலிகள் உடலை முறுக்கின, நடுங்கின, பற்கள் மோதி ஒலித்தன, கொட்டாவி விட்டன, இமைகள் தாழ்ந்தன. இந்நிலையைச் சிலர் "பின்வாங்கல்" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து வழங்குகின்றனர். படையல்லவா பின்வாங்கும்? விடுகைத் துயர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆயினும் தோலின்கீழ் ஊறுவது வேறு. மூச்சில் ஏறுவது வேறு. 2014 இல் வெளியான ஆய்வொன்றில் நிக்கலஸ் கில்பின், ஒலிவியே ஜோர்ஜ் முதலியோர் எலிகளை நாளொன்றுக்கு 12 மணி நேரம் நிக்கொற்றின் ஆவியில் வைத்தனர். எஞ்சிய நேரம் ஆவி இல்லை. புகைப்பவன் பகலிற் புகைத்து இரவில் ஓய்வதைப் போன்ற ஏற்பாடு. அவ்வெலிகள் நெம்புகோலை அழுத்தித் தம் குருதிக்குள் நிக்கொற்றினைத் தாமே செலுத்திக்கொள்ள முன்னரே பழகியவை. ஆவியில் உழன்றபின், ஆவி காணாத எலிகளிலும் மிகுதியாக அதனை நாடின. வேறு சில எலிகளை ஆவியினின்று நீக்கியபின், நிக்கொற்றினின் செயலைத் தடுக்கும் மெக்கமிலமின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, விடுகைத் துயரின் குறிகள் தெளிவாக வெளிப்பட்டன.

அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு காரணத்தைத் தேடிற்று. மூளையின் நடுவிலே இன்ப உணர்வைத் தூண்டும் பகுதியொன்றுண்டு. நிக்கொற்றின் இனிப்பது அங்கேதான். அடிமைப்பட்ட விலங்குகளில், உளைச்சலை விளைக்கும் பொருளொன்று அவ்விடத்திலேயே மிகுதியாக உண்டாவதை அவ்வாய்வு காட்டிற்று. இன்பம் குடியிருந்த வீட்டிலே துன்பமும் வந்து குடியேறுகிறது. அதன்பின் எலி நெம்புகோலை நாடுவது பெரிதும் துயர் தணியவே.

ஆசிரியர் ஊன்றி நோக்கவேண்டியது வேறொன்று. இளம் எலிகளில் விடுகைத் துயரின் குறிகள் முதிர்ந்த எலிகளிற் காண்பதிலும் குறைவு. நிக்கொற்றினின் இனிமையோ இளமையிற் கூடுதல். "நினைத்த அன்றே விட்டுவிடுவேன்" என்று பதினைந்து வயதுப் பிள்ளை சொன்னால், அவன் பொய் சொல்லுகிறான் என்று கொள்ளவேண்டியதில்லை. அவன் உடம்பு இன்னும் அவனுக்கு உண்மையைச் சொல்லவில்லை.

இவ்வாய்வுகளில் எலிகள் படும் பாடு என் நெஞ்சை உறுத்தாமலில்லை. விலங்குகளைக் கூடியமட்டும் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என மூன்று நெறிகளை இங்கிலாந்தின் றசல், பேர்ச் என்னும் இருவர் 1959 இலேயே நூலாக எழுதிவைத்தனர்.

வலிந்து ஆவியில் அடைத்தால் எலி வேறென்ன செய்யும் என்று கேட்பாரும் உளர். 2020 இல் ஜோர்ஜின் குழுவினர் அதற்கும் விடை தந்தனர். கூட்டிலே ஒரு துளை. மூக்கை நுழைத்தால் மின்சிகரெட்டின் ஆவி வரும், நுழைக்காவிடின் வராது. எலிகள் தாமே மூக்கை நுழைத்தன. புகைக்கும் மனிதரின் குருதியிற் காணும் அளவை ஒத்த நிக்கொற்றின் தம் குருதியிலும் ஏறும்வரை நுழைத்தன.