வீட்டுக்கு ஒரு படப் பெட்டகம்

சத்தம் கூடாது, மின்சாரம் தின்னக் கூடாது!

செல்போன் தண்ணீரில் விழுந்து விட்டது.

போன் போனால் போகிறது. வேறு வாங்கிக் கொள்ளலாம். ஆனால், அதில் இருந்த படங்கள்?

பேத்தி முதன் முதலில் நடந்த படம். கல்யாணத்தில் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக் கொண்ட படம். இப்போது உயிரோடு இல்லாத பாட்டியின் பேச்சு. இவற்றை எந்தக் கடையில் வாங்க முடியும்?

இந்தக் கவலை தீர ஒரு வழி உண்டு. வீட்டிலேயே ஒரு சேமிப்புக் கம்ப்யூட்டர் வைத்துக் கொள்ளலாம். வீட்டில் உள்ள எல்லாப் போன்களின் படங்களும் தினமும் வைபை மூலம் அதில் போய்ச் சேரும்படி செய்யலாம். இந்தப் பெட்டியைச் சுருக்கமாக "நாஸ்" என்கிறார்கள்.

இதைக் கடையில் முழுதாகவும் வாங்கலாம். உறுப்புகளை வாங்கி வீட்டிலேயே பூட்டவும் செய்யலாம். பூட்டுவது பெரிய வித்தை அல்ல. எந்த உறுப்பை வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

தூங்காத யந்திரம்

மிக்சி ஐந்து நிமிடம் ஓடும். டெலிவிஷன் நாலு மணி நேரம் ஓடும். இந்தப் பெட்டியோ இரவும் பகலும் ஓடும். வருடத்துக்கு 8,760 மணி நேரம்!

ஆகவே, 1 வாட் இழுத்தாலும் வருடத்தில் ஏறக்குறைய 9 யூனிட் ஆகி விடும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக் கொண்டால் போதும்.

வீட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை இதற்குப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அது 60 வாட் இழுத்தால், வருடத்துக்கு 525 யூனிட் ஆகும். 20 வாட் இழுக்கும் சிறிய பெட்டிக்கு 175 யூனிட் போதும். மிச்சம் 350 யூனிட்!

அதை உங்கள் மின்சாரக் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள். புதிய உறுப்புகளுக்குக் கொடுத்த பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்பது தெரிந்து விடும்.

கடைக்காரரிடம், "வேகம் எவ்வளவு?" என்று முதலில் கேட்காதீர்கள். "சும்மா இருக்கும்போது எத்தனை வாட்?" என்று கேளுங்கள். ஏன் என்றால், இந்தப் பெட்டி நாளில் பெரும் பகுதி சும்மாதான் இருக்கும்.

சிறிய மூளை போதும்

சாதாரண வீட்டு நெட்வொர்க் கேபிளில் வினாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போக முடியாது. ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கே ஏறக்குறைய அந்த வேகத்தைக் கொடுத்து விடும். பிறகு பெரிய மூளை எதற்கு? குறுகிய சந்தில் லாரியை விடுவது போலத்தான்!

இன்டெல் கம்பெனி 2023-ல் வெளியிட்ட "என் 100" என்ற பிராசசர் இந்த வேலைக்கு ஏற்றது. அதன் வெப்ப அளவு 6 வாட் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அது பொருத்தப்பட்ட சில போர்டுகளில் விசிறியே கிடையாது. உலோகத் தகடே சூட்டைத் தணித்து விடும். போர்டின் அளவும் 17 சென்டிமீட்டர் சதுரம்தான்.

போர்டை வாங்குமுன், ஹார்ட் டிஸ்க் சொருக எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது இருக்க வேண்டும்.

பவர் சப்ளையில் ஏமாறாதீர்கள்!

"600 வாட் பவர் சப்ளை போட்டால் நல்லது" என்று சிலர் சொல்வார்கள். 20 வாட் வேலைக்கு அது வீண். பெரிய பவர் சப்ளை இவ்வளவு குறைந்த சுமையில் மின்சாரத்தை வீணாக்கும்.

லாப்டாப் அடாப்டரிலேயே ஓடும் போர்டுகள் உண்டு. ஆனால், ஒரு எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க் சுற்றத் தொடங்கும் சில வினாடிகள் மட்டும் அதிக மின்சாரம் இழுக்கும். ஒரு டிஸ்க்குக்கு 24 வாட் வரை ஆகலாம். ஆகவே, இரண்டு டிஸ்க் உள்ள பெட்டிக்கு 90 வாட் அடாப்டர் இருந்தால் நல்லது.

சுற்றும் தட்டுகள்

1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்க் யந்திரத்தை வெளியிட்டது. அதில் 50 தட்டுகள் இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துக்கள்தான். இன்றைய செல்போன் படம் ஒன்றைப் போட்டாலே அந்த ராட்சத யந்திரம் நிரம்பி விடும்!

இன்று கையில் அடங்கும் 4 டெராபைட் டிஸ்க்கில், 4 மெகாபைட் படங்கள் 10 லட்சம் அடங்கும்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்க் உண்டு. 5,400 முறை சுற்றும் டிஸ்க்கும் உண்டு. மெதுவாகச் சுற்றுவதையே வாங்குங்கள். பொதுவாகச் சத்தமும் சூடும் குறையும். நாலு சிறிய டிஸ்க்குகளை விட இரண்டு பெரிய டிஸ்க்குகள் மேல். சுற்றும் டிஸ்க் ஒவ்வொன்றும் வாட் கணக்கில் சேரும் அல்லவா?

"சி.எம்.ஆர்." வகை டிஸ்க்கா என்றும் கேட்டு வாங்குங்கள். "எஸ்.எம்.ஆர்." வகையில் நீண்ட நேரம் எழுதும்போது வேகம் மிகவும் விழுந்து விடும்.

தாத்தா தூங்க வேண்டாமா?

பெட்டி கூடத்தில் இருக்கும். கூடத்தில்தான் தாத்தா படுத்திருப்பார். "கொர்ர்" என்று சத்தம் கேட்டால், இரண்டே நாளில் பிளக்கைப் பிடுங்கி விடுவார்!

சிறிய விசிறி வேகமாகச் சுற்றிக் கத்தும். 12 சென்டிமீட்டர் விசிறி மெதுவாகச் சுற்றியே அவ்வளவு காற்றையும் தரும். அதை டிஸ்க்குகளுக்கு எதிரே வையுங்கள். டிஸ்க்கின் திருகாணிகளுக்கு ரப்பர் வளையம் போட்டால் அதிர்வு பெட்டிக்குப் பரவாது. சத்தத்துக்குப் பயந்து பெட்டியை பீரோவுக்குள் பூட்டி விடாதீர்கள். சூட்டில் டிஸ்க் கெட்டு விடும்.

மின்சாரம் திடீர் என்று நின்றால் எழுதிக் கொண்டிருக்கும் படம் சிதையலாம். ஆகவே, சிறிய யு.பி.எஸ். ஒன்று அவசியம்.

இரண்டு போதாது, மூன்று!

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படத்தை எழுதும்படி செய்யலாம். ஒன்று கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும்.

ஆனால், பையன் தெரியாமல் படத்தை அழித்து விட்டால்? இரண்டிலும் அழிந்து விடும்! பெட்டியே திருடு போனால்? இரண்டும் சேர்ந்தே போகும்!

ஆகவே, தனியாக ஒரு டிஸ்க்கில் மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் நகல் எடுங்கள். அதை மாமா வீட்டிலோ, அத்தை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். அந்த நகலில் இருந்து ஒரு படத்தை எடுத்துத் திறந்தும் பாருங்கள். திறக்காத நகல் இருந்து என்ன பயன்?

பெட்டியைப் பூட்டி முடித்ததும் முதலில் அதில் எதைப் போடுவது?

பாட்டியின் பேச்சைப் போடுங்கள். செல்போன் இன்னொரு முறை தண்ணீரில் விழலாம். அந்தக் குரல் விழக் கூடாது.