நாளைப் போவார் கதை வளர்ந்த கதை

ஒருவர் சொன்ன கதையை இன்னொருவர் தம் காலத்துக்கு ஏற்ப மாற்றிச் சொல்வது இலக்கிய உலகில் புதிதன்று. சார்லஸ் லாம்பும் அவர் தமக்கை மேரியும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை 1807இல் சிறுவர்க்குரிய உரைநடைக் கதைகளாக எழுதினர். தமிழில் அவ்வாறு பலமுறை சொல்லப்பட்ட கதை நந்தனார் கதை. அதன் முதல் வித்து, நம் திருநாவலூரில் பிறந்த சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் கிடைக்கிறது. அங்கே 'திருநாளைப் போவார்' என்ற பெயர் மட்டுமே உண்டு. அவருக்கு அடியேன் என்கிறார் சுந்தரர். அவர் குலத்தையோ தீயையோ பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதனை விரித்தார். நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் தந்தவர். தில்லைக்குச் செல்ல ஆசையிருந்தும் தம் குலத்தை எண்ணித் தயங்கி, "நாளைப் போவேன்" என்று நாள்களைக் கழித்தார். இறுதியில் இறைவன் ஆணைப்படி தில்லை அந்தணர் வளர்த்த தீயில் மூழ்கி, முனிவராக எழுந்து கோயிலுக்குள் புகுந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதனை 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' என்னும் இசைநாடகமாக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத பண்ணைக்கார வேதியர் இதில்தான் தோன்றுகிறார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்கிறார் அவர். ஒரே இரவில் இறையருளால் வேலை முடிய, வேதியர் நந்தனின் காலில் விழுகிறார். இலக்கணப் பிழை உண்டென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பாடக் கேட்டபின் உருகித் தந்தார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரைப்படங்களில் நந்தனாராக நடித்தனர்.

இந்த வேதியரின் வரவு சிறிய மாற்றமன்று. தயக்கம் நந்தனின் உள்ளத்தில் மட்டும் இல்லை, அவரைத் தடுக்கும் மனிதரும் உண்டு என்று அது காட்டிவிட்டது. பின்வந்தோர் இந்த இடத்திலிருந்தே தொடங்கினர் எனலாம்.

புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'புதிய நந்தன்' சிறுகதை அதே ஆதனூரில் நிகழ்கிறது. சேரிக் கிழவன் கருப்பன், வேறு கொள்கையைத் தேடிப் போன அவன் மகன், காந்தியவாதியான பண்ணையார் மகன் ஆகிய மூவரும் ரயிலில் அடிபட்டு மாள்கின்றனர். இங்கே இறையருள் எதுவும் குறுக்கிட்டுக் காப்பதில்லை. மூவரின் இரத்தமும் கலந்துவிட்டபின் இவர்களுள் நந்தன் யார் என்ற கேள்வியே மிஞ்சுகிறது.

இந்திரா பார்த்தசாரதி என்ற பெயரைக் கண்டு பெண் எழுத்தாளர் என்று எண்ண வேண்டா. அது பார்த்தசாரதி என்பவர் தம் மனைவியின் பெயரைச் சேர்த்துக்கொண்ட புனைபெயர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையை வைத்து அவர் 'குருதிப்புனல்' நாவலை எழுதினார். அதற்கு 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டில் அவர் எழுதிய நாடகமே 'நந்தன் கதை'. அதில் ஆதிக்கச் சாதியார் சூழ்ச்சி செய்து நந்தனைத் தீயில் இறங்கச் செய்கின்றனர். தீ அவரைத் தூய்மையாக்கவில்லை, எரித்துவிடுகிறது. வெண்மணிக்குப் பின் வந்த ஒரு படைப்பில் தீ வெறும் தீயாகவே இருப்பதில் வியப்பில்லை அன்றோ?

பழங்கதையை மாற்றுவது அதனைக் கெடுப்பது என்று சிலர் கருதுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒவ்வொரு காலமும் தன் மனச்சான்றை உறுத்திய கேள்வியை நந்தனிடம் கொண்டுசென்று கேட்டிருக்கிறது. கோயிலுக்குள் புக ஒரு மனிதர் ஏன் முதலில் வேறொருவராக மாற வேண்டும் என்பதே அக்கேள்வி. சுந்தரரோ அவரை எவ்வித மாற்றமும் கேட்காமல், அவர் பெயரைச் சொல்லி வணங்கினார். நம் ஊர்ப் பிள்ளையின் அந்த ஒரு தொடரை முதலில் படித்து, பிறகு மற்ற நூல்களையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். கதை எங்கெங்கே மாறியது, ஏன் மாறியது என்பது தானே விளங்கும்.