ஜன்னல் வியர்க்கும் அருங்காட்சியகம்

ஒட்டாவா போன்ற குளிர் ஊரில், ஜனவரி மாதம் பழைய கட்டடம் ஒன்றில் இயங்கும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால், ஓவியங்களைப் பார்க்கும் முன் ஜன்னலின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். மரத்தில் கறுப்புத் திட்டு, உரிந்த பெயின்ட், சில இடங்களில் சுருட்டி வைத்த துண்டு. இரவு முழுக்கக் கண்ணாடி வியர்த்திருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததல்ல. அருங்காட்சியகமே காசு செலவழித்துக் காற்றில் கலந்துவிட்ட தண்ணீர்.

ஏன் கலக்க வேண்டும்? மைனஸ் 10 டிகிரிக் காற்று ஏந்தக்கூடிய நீராவி மிகச் சொற்பம். அதை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டாது. அந்த வறட்சியில் மரம் சுருங்கும். மரப்பலகையில் தீட்டிய பழைய ஐரோப்பிய ஓவியங்களில் பலகை சுருங்கும் அளவுக்கு மேலே உள்ள வண்ணப்பூச்சு சுருங்குவதில்லை. கொப்புளித்து, செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

இந்தப் பாடம் ஒரு சுரங்கத்தில் உறுதியானது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் நேஷனல் கேலரி 1941இல் தன் ஓவியங்களை வடக்கு வேல்ஸின் மானோட் சிலேட்டுச் சுரங்கத்துக்கு மாற்றியது. குகைக்குள் செங்கல் அறைகள் கட்டி, 17 டிகிரி வெப்பம், 42 சதவீத ஈரப்பதம் என்று மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். லண்டனில் ஓயாமல் கொப்புளங்களை ஒட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கே அந்த வேலை வெகுவாகக் குறைந்தது. போர் முடிந்து ஓவியங்கள் ஊர் திரும்பின, கொப்புளங்களும் திரும்பின. ஆனால் சுரங்கத்துக்கு ஜன்னல் கிடையாது. அங்கே கற்றதை ஜன்னல் வைத்த கட்டடங்களில் கொண்டுபோய்ச் செய்யும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது.

அருங்காட்சியகங்கள் வழக்கமாக இலக்கு வைக்கும் 50 சதவீத ஈரப்பதத்தை எடுத்துக்கொள்வோம். 21 டிகிரியில் அந்தக் காற்றின் பனிப்புள்ளி ஏறத்தாழ 10 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்று நீரை விட்டுவிடும். வெளியே மைனஸ் 10 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் உறைநிலையை ஒட்டி நிற்கும். வியர்ப்பது மட்டுமல்ல, உறைபனியே படியும். இரட்டைக் கண்ணாடி 10 டிகிரி வாக்கில் ஊசலாடும். மைனஸ் 25க்கு இறங்கினால் அதுவும் 5 டிகிரிக்கு விழுந்து நனையும். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் உலோகப் பூச்சோடு மூன்றடுக்குக் கண்ணாடி போட்டால் அந்தக் குளிரிலும் 15 டிகிரி தேறும்.

அப்போதும் ஓரம் ஏமாற்றும். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே இடைவெளிக்காக வைக்கும் அலுமினியப் பட்டி குளிரை நேரே உள்ளே கடத்திவிடும். கண்ணாடியை ஒட்டிக் குளிர்ந்த காற்று வேறு சரிந்து அடியில் தேங்கும். வியர்வை எப்போதும் கீழ் ஓரத்தில் தொடங்குவது இதனால்தான். தடித்த திரை போட்டு மூடுவது உள்ளதையும் கெடுக்கும். திரை அறையின் சூட்டைக் கண்ணாடியிடம் விடாது, நீராவியை மட்டும் தாராளமாக விடும். ஜன்னலுக்குக் கீழே வெந்நீர் ரேடியேட்டர் வைப்பது எவ்வளவோ மேல்.

பாரம்பரியக் கட்டடத்தில் பழைய ஜன்னலைக் கழற்ற மனம் வராது, அனுமதியும் கிடைக்காது. அங்கே உட்புறம் இன்னொரு கண்ணாடி பொருத்துவார்கள். உள் கண்ணாடி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். வெளிக் கண்ணாடி கொஞ்சம் ஒழுகலாம், ஒழுகவும் வேண்டும். மாற்றிச் செய்தால் ஈரம் இரண்டுக்கும் நடுவே போய் மாட்டிக்கொள்ளும், துடைக்கக் கை நுழையாது.

என்னைக் கேட்டால், வியர்க்கும் ஜன்னல் நல்ல ஜன்னல். கண்ணுக்குத் தெரிகிறதே! வியர்க்கும் சுவர்தான் பயங்கரம். ஈரக்காற்று விரிசல் வழியே செங்கல் சுவருக்குள் புகுந்து, குளிர்ந்த இடத்தில் நீராகி, உறைந்து விரிந்து, செங்கலின் முகத்தையே உரித்தெடுக்கும். உத்தரக் கட்டைகளின் முனைகள் யாருக்கும் தெரியாமல் உளுத்துப்போகும். கண்ணாடியை மட்டும் மூன்றடுக்காக மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பது காய்ச்சல் வந்தவரின் தெர்மாமீட்டரை உடைப்பது போலத்தான்.

சென்னையில் எல்லாமே தலைகீழ். கோடையில் வெளிக்காற்றின் பனிப்புள்ளி 25 டிகிரியைத் தொடும். ஏசி அறை 22 டிகிரியில் இருந்தால் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கக்கூடும். கனடாவில் சுவரின் உட்பக்கம் வைக்கும் ஈரத்தடுப்புத் தாளை இங்கே வெளிப்பக்கம் வைக்க வேண்டும். அங்கிருந்து வரைபடத்தை அப்படியே எடுத்துவந்து கட்டினால் சுவர் ஈரத்தைச் சேமித்துவைக்கும்.

இவ்வளவு பாடும் அந்த 50 என்ற எண்ணுக்காகத்தான். அது அவ்வளவு புனிதமானதா? நேஷனல் கேலரியின் விஞ்ஞானி காரி தாம்சன் 1978இல் வெளியிட்ட ‘தி மியூசியம் என்விரான்மென்ட்’ பல ஊர்களில் வேதமாக ஓதப்பட்டது. கூட்டிக் குறைத்து ஐந்து சதவீதத்துக்குள் வைக்கும் கெடுபிடி, பொருளின் தேவையைவிட இயந்திரத்தால் எவ்வளவு முடியும் என்பதை ஒட்டி வந்தது என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். மானோட்டில் ஓவியங்கள் 42 சதவீதத்திலேயே சௌக்கியமாக இருந்தன. குளிர்காலத்தில் ஈரப்பதத்தை 35க்கு இறக்கினால் பனிப்புள்ளி 5 டிகிரிக்கு இறங்கிவிடும். இரட்டைக் கண்ணாடிக்கு உயிர் வரும், சுவருக்கும் வரும். பெரும்பாலான பொருட்களுக்கு இதனால் சேதமில்லை. தாங்காத சிலவற்றைக் காற்றுப் புகாத பேழைக்குள் வைத்துவிடலாம்.

இறக்குவதை மட்டும் மெல்லச் செய்ய வேண்டும். இலையுதிர் காலத்தில் தொடங்கி, மாதத்துக்குச் சில சதவீதம் வீதம். திடீர்க் குளிர் அடிக்கும் இரவுகளுக்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. கட்டடத்திலேயே அதிகம் குளிரும் ஜன்னலின் கண்ணாடியில் ஒரு சிறிய வெப்ப உணரியை ஒட்டி, ஈரமூட்டும் இயந்திரத்தோடு இணைத்துவிடுகிறார்கள். கண்ணாடி பனிப்புள்ளியை நெருங்கியதும் இயந்திரம் நீராவியைக் குறைத்துக்கொள்கிறது.