ஈரலுக்குள் வீரியம் கூடும் நஞ்சு

குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்ற பூச்சிமருந்துகளுக்கு முழு வீரியத்தையும் கொடுப்பது நம் கல்லீரல்தான். தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே வந்த மருந்தை ஈரலில் உள்ள பி450 நொதிகள் பிடித்து, அதன் கந்தக அணு ஒன்றைக் கழற்றிவிட்டு ஆக்சிஜனைப் பொருத்துகின்றன. அப்படிப் பிறக்கும் 'ஆக்சான்', நரம்புகளின் இயக்கத்துக்கு அவசியமான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகிறது. தாய் மூலக்கூறைவிட இது பல மடங்கு கொடியது. அதே ஈரல், ஆக்சானை உடைக்கும் பாராக்சோனேஸ் என்ற நொதியையும் சுரக்கிறது என்பது பெரிய ஆறுதல்.

இந்த வேலைக்கிடையே ஃப்ரீ ரேடிக்கல்கள் பெருகி, ஈரல் செல்களின் கொழுப்புச் சவ்வைத் தாக்குகின்றன. சவ்வு பழுதானால் உள்ளிருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசியும். பரிசோதனைச் சீட்டில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்று பார்க்கிறோமே, அவைதான். இந்தத் தாக்குதலுக்கு முதலில் தன்னைக் கொடுப்பது குளுட்டாதையோன். மூன்றே அமினோ அமிலங்கள் சேர்ந்த இந்தச் சிறு மூலக்கூறை ஈரல் தானே தயாரித்து வைத்திருக்கிறது. நஞ்சு தொடர்ந்து வந்தால் இருப்பு கரைந்துவிடும்.

மஞ்சளின் குர்குமின், வெங்காயத்தின் குவெர்செடின், மத்தியதரைக்கடல் பகுதி முட்செடி ஒன்றின் விதையில் உள்ள சிலிமரின், வைட்டமின் இ ஆகியவை இங்கேதான் கைகொடுக்கின்றன. பூச்சிமருந்தோடு இவற்றையும் கொடுத்த எலிகளில் குளுட்டாதையோன் அவ்வளவாகக் குறையவில்லை. நொதிக் கசிவும் தணிந்தது. சிலிமரினின் முக்கியக் கூறான சிலிபினினை, ஈரலைக் கொல்லும் ஒரு நச்சுக்காளானுக்கு எதிராக ஐரோப்பிய மருத்துவமனைகள் ஊசியாகவே போடுகின்றன.

ஆனால் எலிகளுக்குப் பெரும்பாலும் நஞ்சுக்கு முன்போ, கூடவோ, அளந்து கொடுத்தார்கள். நாம் உண்ணும் குர்குமினில் மிகச் சொற்பமே ரத்தத்தை எட்டுகிறது. மேலும், முடங்கிப்போன நரம்பு நொதியை இவற்றில் எதுவும் மீட்டுத் தராது. எனக்குப் பயமே இந்த இடத்தில்தான். மருந்தடித்தவருக்கு வியர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் ஊறி, கண்மணி சுருங்கி, மூச்சு திணறும் நேரத்தில் மஞ்சள்பால் காய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது. அவருக்குத் தேவை அட்ரோபின் என்ற நச்சுமுறிவு மருந்து. நனைந்த சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப்போனால், என்ன நஞ்சு என்பதை மருத்துவர் லேபிளிலேயே பார்த்துக்கொள்வார்.