அடுப்படியில் அளந்த காற்று

நெஞ்சக நோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "புகைப்பழக்கம் உண்டா?" என்பது. வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த, அறுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் இக்கேள்வியைக் கேட்டதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டார். "பீடியைக் கையால கூடத் தொட்டதில்ல சாமி" என்றார். ஆயினும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில், முப்பது ஆண்டுகள் பீடி குடித்த ஆண்களிடம் காணும் அதே அடைப்பு அவருடைய மூச்சுக்குழாய்களிலும் இருந்தது. "வீட்டில் என்ன அடுப்பு?" என்று அடுத்துக் கேட்டேன். பதினைந்து வயதில் ஊதுகுழலைக் கையில் எடுத்தவர் அவர். பெரும்பாலும் சீமைக்கருவேல விறகு. அது கிடைக்காத நாளில் பருத்திமார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

இந்த இரண்டாவது கேள்வியை மருத்துவர்கள் தவறாமல் கேட்க வேண்டும் என்பதற்கான சான்றுகளைத் தமிழ்நாட்டின் சமையலறைகளிலிருந்தே திரட்டித் தந்தவர் முனைவர் கல்பனா பாலகிருஷ்ணன். சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் சுற்றுச்சூழல் நலப் பொறியியல் துறைப் பேராசிரியர். காற்றில் கலந்த நச்சுத் துகள்கள் மனித உடலுக்குள் எவ்வளவு செல்கின்றன, சென்று என்ன செய்கின்றன என்பதையே தம் ஆய்வு வாழ்க்கையின் மையமாகக் கொண்டவர்.

நச்சியலில் ஒரு பழைய பாடம் உண்டு: நஞ்சு எது என்பதைவிட, எவ்வளவு என்பதே முக்கியம். புகை கெடுதல் என்பது எவரும் அறிந்ததே. கண் எரிகிறது, இருமல் வருகிறது. ஆனால் ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை மைக்ரோகிராம் துகளைச் சுவாசிக்கிறார் என்று கேட்டால், நம் ஊர்களைப் பொறுத்தவரை நெடுங்காலம் விடை இல்லை. காற்று மாசை அளக்கும் கருவிகள் நகரத்துக் கட்டடங்களின் மாடிகளில் நின்றன. அடுப்படியில் குனிந்திருந்தவர்களை அவை எட்டவில்லை. அமெரிக்க அறிஞர் கிர்க் சுமித் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமையல் புகையை அளந்து இத்துறைக்கு வழி திறந்தார். 2020-இல் அவர் மறையும் வரை கல்பனாவும் அவருடன் இணைந்து பணியாற்றினார்.

அளக்கும் முறை மிக எளியது. பொறுமைதான் பெரிதும் வேண்டும். சிறிய மின்கல விசைப்பம்பு ஒன்றை இடுப்பில் கட்டிவிடுவார்கள். அதிலிருந்து வரும் குழாயின் முனை தோளருகே, மூக்குக்குப் பக்கமாகப் பொருத்தப்படும். அம்முனையில் ஒரு வடிதாள் இருக்கும். அப்பெண் வழக்கம்போலச் சமைப்பார், தண்ணீர் எடுப்பார், பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். பின்னர் அவ்வடிதாளை மிக நுண்ணிய தராசில் நிறுத்து, முன்பிருந்த எடையைக் கழித்தால், அவர் சுவாசித்த காற்றில் எவ்வளவு துகள் இருந்தது என்பது தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் இவ்வாறு அளந்த முடிவுகள் 2002-இல் வெளியாயின. விறகும் சாணமும் எரிக்கும் வீடுகளில், சமைக்கும் வேளையில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை துகள்கள் இருந்தன. நாள் முழுவதற்குமான சராசரியில் சமைப்பவருக்கு ஏறத்தாழ 231. அதே வகை வீடுகளில் சமையலில் ஈடுபடாதவருக்கு 90. எரிவாயு போன்ற தூய எரிபொருள் வீடுகளில் 82. ஒரே கூரையின் கீழ் வாழும் கணவரும் மனைவியும் இருவேறு காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதை இந்த எண்கள் காட்டின. நம் நாட்டில் மென்துகளுக்கு விதிக்கப்பட்ட நாள் வரம்பு 60 மைக்ரோகிராம். அவ்வாய்வு சற்றே பெரிய துகள்களையும் சேர்த்து அளந்தது. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. ஆனாலும் திசை தெளிவாகவே உள்ளது.

மென்துகள் என்று நாங்கள் குறிப்பிடுவது 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகளை. தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கின் மயிர்களுக்கும் மூச்சுக்குழாயின் சளிக்கும் தப்பி, காற்றுப்பைகள் வரை அது போய்விடும். அங்கே அழற்சியை உண்டாக்கும். அழற்சி ஓயாமல் நீடித்தால் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்து, குழல் குறுகும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் புகை நுரையீரல் நோயாக மட்டுமின்றி மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் வெளிப்படுகிறது.

அடுத்து அவர் கருவிலிருக்கும் குழந்தையின் பக்கம் திரும்பினார். தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. மென்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைவதாகவும், எடை குறைந்த பிறப்புகள் 2 விழுக்காடு கூடுவதாகவும் அது காட்டியது. நான்கு கிராம் என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால் விறகடுப்பு வீட்டுக்கும் எரிவாயு வீட்டுக்கும் இடையே பல பத்துகள் வேறுபாடு இருக்கிறதே! அதே ஆண்டு அவர் முதலாசிரியராக இருந்து வெளியிட்ட மற்றொரு கணிப்பின்படி, இந்தியாவில் 2017-இல் மட்டும் 12.4 இலட்சம் மரணங்களுக்குக் காற்று மாசு காரணம். அவற்றில் ஏறத்தாழ 4.8 இலட்சம் வீட்டுப் புகையால் நேர்ந்தவை.

அவருடைய பணியில் என் மதிப்பை மிகவும் உயர்த்திய பகுதி, எதிர்பார்த்தது நடக்காத ஓர் ஆய்வு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3200 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் 18 மாதங்கள் இலவசமாகத் தந்தார்கள். இந்தியப் பகுதியை அவரே முன்னின்று நடத்தினார். கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும் களங்கள். அடுப்பு மாறாதவர்கள் சுவாசித்த மென்துகள் சுமார் 70 மைக்ரோகிராமாக இருக்க, மாறியவர்களுக்கு அது 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. அத்தனை இறங்கியும், 2022-இல் வெளியான முடிவில் பிறப்பு எடையில் இரு பிரிவுக்கும் இடையே சுமார் 20 கிராம் வேறுபாடே இருந்தது. புள்ளியியல்படி அதை வேறுபாடு என்றே கொள்ள இயலாது. முதலாண்டில் குழந்தைகளுக்கு வரும் கடும் நிமோனியாவும் குறையவில்லை என்று பின்னர் தெரிந்தது.

பல ஆண்டு உழைப்புக்குப் பின் இத்தகைய விடை வந்தால் மூடி வைக்கத் தோன்றும். அவர்கள் வந்ததை வந்தபடியே வெளியிட்டார்கள். இதைக் காட்டி 'புகையால் தீங்கில்லை' என்று சொல்பவர்களும் இருக்கக்கூடும். நான் அவ்வாறு வாசிக்கவில்லை. அடுப்பு மாறியது கருவுற்ற பிறகே. அதற்கு முந்தைய புகை உடலில் ஏற்கெனவே பதிந்திருந்தது. 24 மைக்ரோகிராமும் தூய காற்று அன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி 5 மட்டுமே. மேலும் 10-க்கு 4 கிராம் என்ற முந்தைய கணக்கைப் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய இந்த 20 கிராமே வருகிறது. அது தற்செயலாகவும் இருக்கலாம். இதற்கு மேல் சொல்ல நான் துணியமாட்டேன்.

நம் வட்டாரத்தில் இன்னொரு தூசியும் உண்டு. பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர், குழாயில் மருந்து செலுத்துபவர், திரி செய்பவர் ஆகியோர் அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றின் நடுவே நாளைக் கழிக்கிறார்கள். ஈயம், ஆர்சனிக், பாதரசம், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றின் சேர்மங்களைப் பட்டாசில் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் ஆணையிட்டது; பேரியம் உப்புகளுக்கு 2018-இல் தடை வந்தது. விபத்தின் அச்சம் பெரிதாக இருப்பதால் தூசியின் அச்சம் இங்கே பின்னுக்குப் போய்விடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆலையில் பகலெல்லாம் தூள் சுவாசித்த பெண் மாலையில் விறகடுப்பின் முன் அமர்ந்தால், இரண்டும் சேர்வது ஒரே நுரையீரலில்தான்.

ஆகவே எங்களிடம் வரும்போது, என்ன வேலை, எத்தனை ஆண்டுகள், வீட்டில் எந்த அடுப்பு, அடுப்படியில் புகைபோக்கி உண்டா என்பவற்றைக் கேட்காமலே சொல்லுங்கள். வாயைச் சுற்றிக் கட்டும் துண்டு மென்துகளைத் தடுப்பதில்லை. வேலை முடிந்ததும் கை, முகம் கழுவி, உடை மாற்றிய பிறகு பிள்ளைகளைத் தூக்குங்கள். விறகு எரித்தே ஆகவேண்டிய நாளில் நன்கு காய்ந்த விறகாகப் பார்த்துக்கொள்ளுங்கள்; வாய்ப்பிருந்தால் அடுப்பை வெளித் திண்ணைக்கு மாற்றுங்கள். மூச்சு சற்று இலகுவானதும் உறிஞ்சு மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

முதலில் சொன்ன அம்மாவின் வீட்டில் எரிவாயு அடுப்பு இல்லாமல் இல்லை. மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் காப்பி போட அது. சோறும் குழம்பும் விறகில். கூட வந்த மருமகள், "சிலிண்டர் விக்கிற விலைக்கு எப்படிங்க ஐயா?" என்று கேட்டார். அதற்கு மருந்துச் சீட்டில் எழுதித் தர என்னிடம் ஒன்றுமில்லை. அடுப்படியில் மாமியாரை உட்கார விடாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அப்படியானால் அந்த இடத்தில் உட்காரப் போவது யார் என்று கேட்டேன். காலைச் சமையலை மட்டுமாவது எரிவாயுவில் வைத்துப் பார்ப்பதாகவும், சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு அடுத்த மாதம் வருவதாகவும் சொல்லிச் சென்றிருக்கிறார்.