'கனிங்' என்றால் காப்பியடிப்பதா?

கொரிய மாணவர் ஒருவர் தம் ஆங்கில ஆசிரியரிடம், "என் நண்பன் கனிங்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். நண்பன் தேர்வில் பார்த்து எழுதினான் என்பதே அவர் சொல்ல வந்தது. ஆசிரியருக்குப் புரிவதோ, "என் நண்பன் சூழ்ச்சிக்காரன்" என்பதுதான். ஒருநாள் செய்த தவறு, அவனுடைய குணமாகவே ஆகிவிடுகிறது.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது?

கொரிய மொழியில் 'கொனிங்' என்றால் தேர்வில் காப்பியடிப்பது. அதற்காக ஒளித்து எடுத்துச் செல்லும் துண்டுத்தாள் 'கொனிங் பெய்ப்போ'. ஆங்கிலச் சொல்தான், ஆனால் ஜப்பான் வழியாக வந்தது. ஜப்பானிய மாணவர்கள் காப்பியடிப்பதை 'கன்னிங்கு' என்றார்கள். அந்தப் பொருளோடுதான் சொல் கொரியாவை அடைந்தது.

அங்கே தேர்வு என்பது விளையாட்டல்ல. ஆண்டுதோறும் நவம்பரில் நடைபெறும் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில், ஆங்கிலம் கேட்டல் பகுதி நடக்கும்போது விமானங்கள்கூட ஏறி இறங்குவதில்லை. 2004ஆம் ஆண்டுத் தேர்வில் கைத்தொலைபேசி குறுஞ்செய்தி வழியாக விடைகள் அனுப்பப்பட்ட விவகாரம் நாட்டையே உலுக்கியது. ஆகவே, ஒருவர் மீது இந்தச் சொல் விழுந்தால் அது சாதாரணமல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் 'கனிங்' முதலில் ஒரு நல்ல சொல்! 'முடியும்' என்று பொருள்தரும் 'கேன்', 'அறி' என்று பொருள்தரும் 'நோ' ஆகியவற்றின் உறவுச் சொல் அது. அறிவு, திறமை என்பதே அதன் பழைய பொருள். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள், கைதேர்ந்த கலைஞர்களையும் யாழ் வாசிப்பதில் வல்லவரையும் இச்சொல்லால்தான் பாராட்டுகிறது. திறமை பிறரை ஏமாற்றவும் உதவும் அல்லவா? காலப்போக்கில் அந்தப் பொருளே நிலைத்துவிட்டது. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்', துர்நாற்றமாக மாறிய கதைதான் இதுவும்.

அப்படியானால் கொரிய மாணவர் என்ன சொல்ல வேண்டும்? தேர்வில் காப்பியடித்ததைச் சொல்ல 'சீட்' என்ற வினைச்சொல் இருக்கிறது. அது செயலைச் சுட்டும். 'கனிங்' ஆளின் குணத்தைச் சுட்டும்.

தெரிந்த சொல்தானே என்று நினைக்கும் இடத்தில்தான் கவனம் அதிகம் தேவை. தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிறோம். தெரிந்த சொல்லுக்கு யார் புரட்டுகிறார்கள்? அந்த ஒரு நிமிடம் ஒரு நண்பனின் நற்பெயரைக் காப்பாற்றக்கூடும்.